சிவப்புக் கோடு இழுத்த கை

"சக்கரம் போச்சுன்னா யாரப் புடிச்சிக் கேக்கணும்? முடுக்குனவனையா, செஞ்சவனையா?" தேநீர் வாளியோடு பட்டறை வாசலில் நின்ற என்னிடம் நீங்கள் ஒருநாள் கேட்டீர்கள். நான் வாளியைக் கீழே வைத்தேன். "சொல்லு தாயி, தப்பாச் சொன்னா ரேஷன வெட்ட மாட்டாங்க" என்றீர்கள். பட்டறையே சிரித்தது. உங்களுக்கு இந்தப் பிரியாவிடை மடலை எழுதும் வேலையை எல்லோரும் என்னிடம் கொடுத்தபோது, முதலில் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

புக்கிட் செராய்த் தோட்டத்துப் பட்டறையின் உயிர்நாடியே! உருளும் எதையும் உற்றுப் பாராமல் வெளியே விடாத உத்தமரே! உரத்த குரலும் உருகும் மனமும் கொண்ட எங்கள் மேற்பார்வையாளர், மண்டோர் மைக்கல்ராஜ் அவர்களே! வணக்கம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் உங்கள் சம்மட்டியின் ஓசையும், அதற்குச் சற்றும் ஒத்துவராத உங்கள் கோவில் பாட்டும் கேட்டே எங்களுக்குப் பொழுது விடிந்தது. காலையில் எங்களைத் திட்டாத நாளில்லை. மதியம் உங்கள் சோற்றைப் பங்கிடாத நாளும் இல்லை. கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் பதுங்கியிருந்த அவசரகாலத்தில், நாம் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்து, போர்டிக்சன் சாலையில் லாரி நின்றாலே உயிருக்கு ஆபத்து என்றிருந்த நாட்களில், பால்வெட்டுப் பெண்களை ஏற்றிச் சென்ற எந்த லாரியும் சக்கரக் கோளாறால் வழியில் நின்றதில்லை. நட்டை முடுக்கியதும், நட்டின் மேலும் சக்கரத்தின் மேலுமாக ஒரே கோடு இழுக்கப் பழக்கினீர்கள். ரப்பர் மரத்தில் வெட்டுக்குறி போடும் சிவப்புச் சாயமே அதற்கும் உதவியது. கோடு விலகியிருந்தால் நட்டு அசைந்திருக்கிறது. அந்த வண்டி வாசலைத் தாண்டாது.

ஓய்வுக்குப் பிறகு அம்பாங்கானில் மகள் ஆக்னஸ் வீட்டில் நீங்கள் நோயின்றி, கவலையின்றி, நெடுங்காலம் வாழ வேண்டும். பேரப்பிள்ளைகளின் மிதிவண்டிகளுக்கும் கோடு இழுக்க வேண்டும் என்று இறைவனை வேண்டுகிறோம். இத்துடன் முடித்துக் கையெழுத்திடலாம். ஆனால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது.

ஐம்பத்திரண்டில் நம் தோட்டத்து வெள்ளைக்கார உதவி மேலாளர் சின்னத்துரை, இருவர் மட்டுமே அமரக்கூடிய கம்பிச் சக்கரக் கார் ஒன்றை வாங்கினார். ஞாயிறுதோறும் போர்டிக்சன் பக்கத்து ராணுவத் திடலில் அதைப் பந்தயத்தில் ஓட்டுவார். ஒருநாள் வளைவில் முன்சக்கரத்துக் கம்பிகள் அத்தனையும் அறுந்தன. சக்கரத்தின் வெளிவளையம் வேடிக்கை பார்த்தவர்களின் தலைக்கு மேலே பறந்தது. கார் புல்மேட்டில் மோதி நிற்க, துரைக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அந்தச் சக்கரத்தை மாட்டியவர் நம் தங்கராஜு. மறுநாள் பட்டறைக்குக் காரை விற்ற கம்பெனியின் ஆளும், நம்மவரான போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரும் வந்தார்கள். பட்டறைக்கு இழுத்து வந்திருந்த காரின் அச்சில் மிஞ்சியிருந்த சக்கரத்தின் நடுத்துண்டைக் கம்பெனிக்காரர் காட்டினார். "பாருங்க, சிவப்பு அடையாளம். காட்டுல இருக்கிறவங்களுக்குச் சைகை போட்டு, நட்டையும் தளர்த்தி விட்டிருக்கான்."

சிவப்பு என்ற சொல்லே போதுமாக இருந்த காலம் அது. வழக்கு இல்லாமலே ஆட்களைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவார்கள். இன்ஸ்பெக்டர் தங்கராஜுவை ஜீப்பில் ஏறச் சொன்னார். வயிற்றுப் பிள்ளையோடு வாசலில் நின்ற அவர் மனைவி முத்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் நடுவே போய் நின்றீர்கள். "நட்டு எங்கங்க தளந்திருக்கு? கோடு நேரா நிக்குது பாருங்க. அறுந்தது உங்க கம்பி லா."

"இது ரோட்டுல ஓட்டச் செஞ்ச சக்கரம். பந்தயத்துல ஓட்டினா கம்பெனி பொறுப்பில்ல."

சுவரில் அதே கம்பெனி கொடுத்த காலண்டர் தொங்கியது. அதை ஆணியோடு பிடுங்கி வந்தீர்கள். "அப்ப இதுல நம்பர் ஒட்டிக்கிட்டு சாஞ்சி ஓடுதே, இது எந்த ஊரு ரோடுங்க? விக்கும்போது பந்தயக் காரு, ஒடஞ்சா காய்கறி வாங்க பசார் போற காரா?"

"அது விளம்பரத்துக்குப் போட்ட படம்பா."

"சரிங்க. மிச்சம் மூணும் உங்க சக்கரந்தான், ஸ்பேரும் உங்களுதுதான். மாட்டித் தரேன். அதே திடல்ல, துரை போன வேகத்துல ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. நானும் பக்கத்துல உக்கார்றேன். நல்லபடியா வந்து சேந்துட்டோம்னா தங்கராஜோட என்னையும் புடிச்சிக்கிட்டுப் போங்க."

கம்பெனிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். காரைப் பார்த்தார். "எனக்குக் குடும்பம் இருக்குப்பா" என்றார்.

"அவனுக்கும் இருக்குங்க" என்று முத்தாயியைக் காட்டினீர்கள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, "உங்க ஜீப்பும் போன வாரம் இங்கதாங்க வந்துச்சி. சக்கரத்தக் கொஞ்சம் குனிஞ்சி பாருங்க" என்றீர்கள்.

அவர் குனிந்தார். ஒவ்வொரு நட்டிலும் அதே சிவப்புக் கோடு. நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து பார்த்தார். தங்கராஜுவை விலகிப் போகச் சொல்லிக் கையசைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பில் ஏறி, பின்னிருக்கை காலியாக இருக்கப் போய்விட்டார்.

இங்ஙனம்,
தங்கராஜுவும் பட்டறைத் தொழிலாளர் அனைவரும்
புக்கிட் செராய்த் தோட்டம், 1959