ஒரு விரல் போதும்

அண்ணன்: டிஸ்க் பிரேக்கா? இந்தக் கிழட்டு சைக்கிளுக்கா?

தம்பி: சைக்கிள் கடை வச்சிருக்க. தம்பிக்கு மாட்டித் தரமாட்டியா?

அண்ணன்: எதுலடா மாட்ட? டிஸ்க்கைப் புடிச்சு நிறுத்த ஃப்ரேம்ல ஒரு காது வேணும். இதுல எங்க இருக்கு?

தம்பி: வெல்டு வச்சுக் குடு.

அண்ணன்: பைப்பு காகிதம் மாதிரி இருக்கு. சூடு பட்டா அங்கயே ஒடியும். அப்புறம் நீ எப்படித் தபால் குடுப்ப, நடந்தா?

தம்பி: சரி... முன்னாடி மட்டும் போடு.

அண்ணன்: அதுக்கும் ஃபோர்க்கை மாத்தணும், சக்கரத்தை மாத்தணும். ரிம்மைக் கவ்வுற ரப்பருக்கு என்ன குறை? போன வாரம்தான் புதுசு போட்டேன்.

தம்பி: மழையில வழுக்குதுண்ணா.

அண்ணன்: மழை பெஞ்சு மூணு மாசமாச்சு.

தம்பி: அடுத்த மழைக்குத்தான்.

அண்ணன்: டேய்.

தம்பி: ஆயில் டிஸ்க்னா... பிரேக் புடிக்க ஒரு விரல் போதுமாமே.

அண்ணன்: கையைக் காட்டு.

தம்பி: விடுண்ணா.

அண்ணன்: இந்த லீவரை அமுக்கு... முழுசா அமுக்குடா!

தம்பி: இவ்வளவுதான் வருது. நேத்து இறக்கத்துல காலை ஊனித்தான் நின்னேன்.

அண்ணன்: எத்தனை நாளா?

தம்பி: ஆறு மாசம். என் பொண்ணுக்குப் பட்டன் போட்டுவிட முடியல. நான் விளையாடுறேன்னு நினைச்சு சிரிக்கிறா.

அண்ணன்: டாக்டர்கிட்ட...

தம்பி: போனேன். நரம்பு நோயாம். அப்பாவுக்கு இருந்துச்சான்னு கேட்டாரு. இல்ல, அவருக்குக் குடிச்சுக் குடிச்சுத்தான் கை போச்சுன்னேன். நீதான அப்படிச் சொன்ன?

அண்ணன்: அம்மாவும்... அப்படித்தான் சொல்லிச்சு.

தம்பி: அப்பாவோட பழைய ஃபைல் அதே ஆஸ்பத்திரியில இருந்துச்சுண்ணா. பிள்ளைங்களுக்கும் வரலாம்னு எழுதியிருக்கு. கீழ உன் கையெழுத்து.

அண்ணன்: உனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிருந்த நேரம்டா. வெளிய தெரிஞ்சா நின்னுடும்னு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நான் என்ன...

தம்பி: அந்த வருஷம்தான் உனக்குக் கல்யாணமே வேணாம்னுட்ட. கடையே போதும்னு சொன்ன. சாமியாரு, சாமியாருன்னு நானே உன்னைக் கேலி பண்ணேன்.

அண்ணன்: அதை இப்ப ஏன்டா...

தம்பி: உன் பிள்ளைக்கு வந்துடும்னு பயந்துதான நீ பண்ணிக்கல? எனக்கு மட்டும் ஏண்ணா பண்ணி வச்ச?