சம்பளத்தைக் கடைசியில் வைத்த கணினிப் பிரிவு மேலாளருக்கு

கேட்டதைக் கொடுக்காத கொள்கைக் குன்றே! பட்ஜெட் என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிக்கும் பண்பின் பெட்டகமே! நகரமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், காற்று நுழையாத கடைசி அறையில் காலமெல்லாம் அமர்ந்து, எங்கள் பொறுமையைப் பொழுது தவறாமல் சோதித்த பெருமாட்டியே! பணிநிறைவு பெறும் தங்களுக்கு, தங்களோடு மல்லுக்கட்டி மூச்சு வாங்கி நிற்கும் பணியாளர்களின் வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்பைக் கணக்குப் பிரிவில் இருக்கும் என் தலையில் கட்டிவிட்டார்கள். “தங்கமான மனுஷின்னு எழுதிட்டு முடிச்சிருங்க” என்றார் குடிநீர்ப் பிரிவுக் கண்காணிப்பாளர். தங்கமான மனுஷியோடு வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று யாராவது ஒருவர் எழுதித்தானே ஆக வேண்டும்?

அம்மையீர், தங்களுக்கு இந்த அலுவலகத்தில் ‘முடியாதம்மா’ என்று பெயர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். புது பிரிண்டர் கேட்டு வந்தவரைப் பழைய பிரிண்டரின் வயிற்றைத் திறக்க வைத்து, சிக்கிய தாளை அவர் கையாலேயே உருவச் செய்தீர்கள். மடிக்கணினி கேட்ட பொறியாளரை உட்கார வைத்து, “வாங்கறது ஒரு தடவை செலவு சார். அதை வச்சுக் காப்பாத்தறது வருஷா வருஷம் செலவு. அதுக்கு எந்தத் தலைப்புல பணம் வச்சிருக்கீங்க?” என்று கேட்டீர்கள். அவர் தம் சொந்தக் காசில் ஒன்று வாங்கிக்கொண்டார். தங்கள் துணைவர் இதோ விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்; சற்றுமுன் வாசலில் அவரை வரவேற்றபோது சொன்னதையும் மடலின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்: “வீட்ல மட்டும் என்ன வாழுதாம்? வாஷிங் மெஷின் வாங்கப் போனா, அஞ்சு வருஷத்துக்கு ரிப்பேர் என்ன ஆகும்னு கடைக்காரரைக் கேப்பா. அவர் அடுத்த கஸ்டமரைப் பாக்கப் போயிருவார்.”

ஆனால் எங்கள் ஆற்றாமை பிரிண்டரோடு நின்றிருந்தால் இந்த மடலுக்கு அரைப் பக்கம் போதும்.

எல்லாப் பிரிவுகளின் பதிவுகளையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்த அந்தப் பழைய சர்வரை மாற்ற வேண்டும் என்று தாங்கள் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் எழுதினீர்கள். மன்றம் ஆண்டுதோறும் அதை அடித்து நீக்கியது. ஓர் ஆண்டு மட்டும் பணம் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டுதான் நம் மன்றத் தலைவர் வேறோர் ஊருக்குப் போய், சுவர் முழுக்கத் திரைகள் பதித்த ஒரு கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர், சர்வருக்கு வைத்த பணத்தைச் சுவருக்கு மாற்றினார். கூட்டத்தில் தாங்கள் எழுந்து நின்றீர்கள்.

“ஐயா, அந்தச் சுவர்ல எதைக் காட்டப் போறோம்?”

“எல்லாத்தையும்மா! தண்ணித் தொட்டி, குப்பை வண்டி, வரி வசூல், எல்லாமே ஒரே பார்வையில.”

“அது எல்லாமே அந்தப் பழைய பெட்டிக்குள்ளதாங்க இருக்கு.”

“அது இத்தனை வருஷம் ஓடலியா? ஓடும்மா!”

மன்றம் சிரித்தது. தாங்கள் உட்கார்ந்தீர்கள். விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தோம். எங்களுக்கு வேறு வேலை வைத்தீர்கள்.

மறுவாரம் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் கூட்ட அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினீர்கள். “அந்தப் பெட்டி விழத்தான் போகுது. என்கிட்ட இருக்கற மாத்துப் பெட்டி சின்னது. எல்லாரையும் ஒண்ணாத் தாங்காது. முதல்ல எதை எழுப்பணும், கடைசியா எதை எழுப்பணும்னு இப்பவே சண்டை போட்டு முடிங்க. விழுந்தப்புறம் சண்டை போட நேரம் இருக்காது” என்றீர்கள்.

சண்டை போட்டோம். கட்டட அனுமதி நின்றால் ஊரே நின்றுவிடும் என்றார் பொறியாளர். வரி நின்றால் மன்றமே நின்றுவிடும் என்றார் வரி ஆய்வாளர். தாங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: “அது நின்னா யார் வீட்ல அழுவாங்க?” குடிநீர் முதலில் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவு அடுத்து வந்தது. எங்கள் சம்பளக் கணக்கைத் தாங்கள் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தீர்கள்.

“மேடம், நம்ம வீட்லயும்தான் அழுவாங்க!” என்றேன்.

“நமக்கு லேட்டானா கடன் கேக்க நாலு பேர் இருக்காங்க சார். கவுன்டர்ல நிக்கறவங்களுக்கு நாம மட்டும்தான் இருக்கோம்.”

அந்த வரிசை மன்றத்தின் பார்வைக்குப் போனது. யாரும் படிக்காததால் யாரும் மறுக்கவில்லை. சுவர் வந்தது. திறப்பு விழா நடந்தது. கோடையும் வந்தது.

சர்வர் அறையின் குளிர்சாதனம் நின்றுபோன ஒரு காலையில், தாங்கள் சொன்னபடியே அந்தப் பெட்டி விழுந்தது. அன்று பார்த்து வெளியூர் மன்ற உறுப்பினர்கள் நம் சுவரைப் பார்க்க வந்திருந்தார்கள். பளபளத்த சுவர் பாதிப் பேச்சில் இருண்டது. தலைவர் படியேறி, தங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

“முதல்ல சுவரை எழுப்புங்கம்மா! மானம் போகுது!”

“அது வரிசையிலயே இல்லீங்க ஐயா.”

அவர் முகத்தை நாங்கள் பார்த்தோம். தாங்கள் பார்க்கவில்லை, மாற்றுப் பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டிருந்தீர்கள். ஒரு தேநீர் இடைவேளை நேரத்துக்குச் சுவரை எழுப்பிக் காட்டியிருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்காது, தங்கள் ஆண்டு ஊதிய உயர்வும் நின்றிருக்காது என்று இன்றும் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

அன்று இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் பதிவாளரின் கவுன்டரில் காலையிலிருந்து நின்றிருந்தார். கணவர் இறந்திருந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் மாலைக்குள் இறப்புச் சான்று கொடுத்தால்தான் குடியிருப்பைக் காலி செய்ய அவகாசம் தருவார்களாம். பதிவாளரம்மா இரண்டு முறை மாடிக்கு ஓடிவந்து, “அக்கா, அந்தப் பொண்ணு இன்னும் நிக்குதுக்கா” என்று சொல்லிப் போனார். பிற்பகலில் பதிவுகள் எழுந்தன. தாங்கள் கீழே போய், அச்சாகி வரும்வரை பதிவாளரின் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள். அந்தப் பெண் கணவர் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தார், தாளை மடித்தார், “ஒரு பேப்பருக்கு இவ்வளவு நேரமா?” என்று கேட்டார். தாங்கள் “மன்னிச்சிரும்மா” என்றீர்கள். அவர் போய்விட்டார்.

எங்களுக்கு ஆத்திரம் பொங்கியது. தாங்களோ அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னீர்கள்.

சம்பளம்? அது அடுத்த மாதம் பாதி கழிந்துதான் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். என் மனைவி, “உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லன்னா நம்ம வீட்ல ஏன் பத்தியம்?” என்று கேட்டார். மச்சானிடம் கைநீட்டிவிட்டு வந்து, தங்கள் அறை வாசலில் நின்று கத்தினேன். கத்தியதை இன்றும் திரும்பப் பெற மாட்டேன். தாங்களும் அந்த மாதம் தங்கள் அண்ணனிடம் கடன் வாங்கித்தான் வீட்டுத் தவணை கட்டினீர்கள் என்று துணைவர் சொல்லி இன்றுதான் தெரிந்தது. அன்றே சொல்லியிருந்தால் கொஞ்சம் மெதுவாகக் கத்தியிருப்பேன் அல்லவா?

அத்தனை பட்டும் மன்றம் சர்வருக்குப் பணம் தரவில்லை. பழையதைப் பழுதுபார்த்து ஓட்டச் சொன்னது. இந்த ஆண்டு, தங்கள் கடைசி பட்ஜெட்டில், தாங்கள் வேறு மாதிரி எழுதினீர்கள்: ‘திரைச் சுவர் தடையின்றி இயங்கத் தேவையான மைய இயந்திரம்.’ அதே சர்வர்தான். ஒரு சொல்லும் பொய்யில்லை. தலைவர் மேசையைத் தட்டி வரவேற்றார். விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

“மேடம், இதை அப்பவே இப்படி எழுதியிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“அப்ப சுவர் இல்லியே சார்.”

இப்படிப்பட்டவரோடு என்னதான் செய்வது?

சிக்கனம் கருதித் தங்கள் பதவியை நிரப்பப்போவதில்லை என்று மன்றம் முடிவெடுத்திருக்கிறது. தங்கள் வேலையை என்னிடமும் பதிவாளரம்மாவிடமும் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லித் தர வேண்டியதையெல்லாம் சொல்லித் தந்துவிட்டு, கடைசி வாரங்களில் தாங்கள் எதையும் தொட மறுத்தீர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை வரி கவுன்டரின் கணினி உறைந்து நின்றது. வரிசை மாடிப்படிவரை வளைந்தது. தாங்கள் என் எதிரே பார்வையாளர் நாற்காலியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“மேடம், ஒரு வார்த்தை சொல்லுங்க!”

“நான் போயிட்டேன்னு வச்சுக்கோங்க.”

மனத்துக்குள் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அச்சுக்குப் போன பழைய கோப்புகள் குவிந்து, கணினியின் சேமிப்பு வட்டில் இடமே இல்லாமல் போயிருந்தது. நீக்கினேன். கீழேயிருந்து பதிவாளரம்மா, “ஓடுது! ஓடுது!” என்று கத்தினார். பெருமையோடு திரும்பினேன். நாற்காலி காலி. தேநீர்க் கோப்பை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரம் முடியுமுன் தாங்கள் வீட்டுக்குக் கிளம்பியதை நாங்கள் பார்த்தது அதுவே முதல் முறை.

அம்மையீர்! உடல் நலனும் உள்ள நலனும் ஒருங்கே சூழ, மதிய உறக்கத்தை எந்த அழைப்பும் கலைக்காமல், துணைவரோடும் மகளோடும் தாங்கள் நெடுநாள் நிறைவோடு வாழ வேண்டும். நாங்கள் செய்யக்கூடிய உதவியாக, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தங்கள் தொலைபேசி எண்ணைக் கிழித்துவிட்டோம். எல்லோருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. அதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இவ்வண்ணம்,
தங்களால் தவித்தவர்களும் இனித் தாங்களின்றித் தவிக்கப்போகிறவர்களுமாகிய
நகரமன்ற அலுவலகப் பணியாளர்கள்