சிவப்புக் கிடாரில் கை தேய்ந்த இடம்

ராத்திரி மணி ஒன்றேகால். ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் பெரிய சாலை. கிடங்குகள் முடிகிற இடத்திலிருந்து மருத்துவமனைக் குடியிருப்பு வரைக்கும் மூன்று கிலோமீட்டர்... ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்கு எரியும், இரண்டு எரியாது. அதில் ஒரு பழைய கார் போய்க்கொண்டிருக்கிறது. முப்பதுக்கு மேல் வேகம் இல்லை. வண்டியில் ஒரே ஓர் ஆள். அவருடைய வலது தோள் மட்டும் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருக்கிறது.

பயப்படுகிறவர்கள் இப்போதே நடுவில் வந்து உட்கார்ந்துவிடுங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. அந்த ஆள் என் நண்பனின் சித்தப்பா. நண்பன் என்னிடம் சொன்னான், அவனிடம் சித்தப்பாவே சொன்னார். குடித்துவிட்டு உளறவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாராம்.

சித்தப்பாவுக்குத் தொழில், பழைய மின்கிடார்களுக்குப் புதுப் பூச்சு அடிப்பது. அந்த உலகத்தில் ஒரு கூத்து உண்டு. ஐம்பது அறுபது வருடத்துக் கிடார் என்றால் அதன் மதிப்பில் பாதி பூச்சில்தான் இருக்கிறது. மங்கிப்போய், வெடித்து, அங்கங்கே உரிந்திருந்தாலும் தொழிற்சாலையில் அடித்த அதே பூச்சுதான் வேண்டும் என்று நாயாய் அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். வாங்கிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்கள். அதே கிடாரைச் சுரண்டிப் புதிதாக அடித்துவிட்டால் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மதிப்பு பாதிக்குப் பாதி இறங்கிவிடும். ஆனால் மரம் அதே மரம். உள்ளே இருக்கிற காந்தமும் கம்பிச்சுருளும் அதே. சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதனால், வாசிக்கத் தெரிந்து வசதி மட்டும் போதாதவர்கள், மறுபூச்சு போட்டதைத்தான் தேடிப்பிடித்து வாங்குவார்கள். வியர்க்க வியர்க்க வாசிக்கலாம். ஒரு கீறல் விழுந்தால் நெஞ்சு பதறாது.

"வேடிக்கை பார்க்கிறவனுக்குப் பெயிண்ட் முக்கியம். வாசிக்கிறவனுக்கு மரம் முக்கியம். நான் ரெண்டாவது ஆளுக்கு வேலை செய்யறவன்" என்பார் சித்தப்பா. கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கிடாரின் கழுத்தை நான்கு திருகாணி போட்டு உடலோடு சேர்த்திருப்பார்கள். கழுத்து உட்காருகிற அந்தக் குழிக்குள், யார் கண்ணிலும் படாத இடத்தில், 'மறுபூச்சு' என்று பென்சிலால் எழுதித் தேதியும் போடுவார். பின்னால் யாராவது அதை அசல் பூச்சு என்று விற்க முயன்றால், வாங்குகிறவன் திருகாணியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருடம் எழுதியிருக்கிறார். ஒரு கிடாரில் மட்டும் எழுதவில்லை. அந்தக் கதைதான் இது.

ஒரு நர்ஸ் அக்கா சிவப்புக் கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தம்பியின் கிடார். தம்பி ஒரு வருடத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தவன், எழுந்திருக்கவில்லை. அசல் பூச்சோடு இருந்த பழைய கிடார் அது. தம்பி அதைப் பூட்டி வைக்கவில்லை. பதினொரு வருடம் ஒரு நாள் விடாமல் வாசித்தான். வலது முழங்கை ஊன்றுகிற மேல் விளிம்பில் சிவப்பு முழுக்கத் தேய்ந்து, ஒரு கை அகலத்துக்கு மரம் தெரிந்தது. அவன் கை தேய்த்த இடம்.

"ஸ்விட்சு கொரகொரங்குது சார். கழுத்து லேசா ஆடுது. அது ரெண்டை மட்டும் பாருங்க. வேற எதையும் தொடாதீங்க. துடைக்கக்கூட வேண்டாம்" என்றார் நர்ஸ் அக்கா. போகும்போது தன் கையை அந்தத் தேய்ந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போனார்.

"தொடமாட்டேம்மா" என்றார் சித்தப்பா.

அதே வாரம் ஓட்டலில் வாசிக்கிற ஒருவர், அதே வயதில் அதே மாதிரி இன்னொரு சிவப்புக் கிடாரைக் கொண்டுவந்தார். அதுவும் உடம்பெல்லாம் அடிபட்டது. அதற்கு முழுப் பூச்சையும் எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். சித்தப்பா எப்போதும் அடையாளச் சீட்டைக் கழுத்தின் நுனியில், கிடாரின் தலையில்தான் கட்டுவார். இரண்டு கழுத்தையும் கழற்றினார். சீட்டுகள் கழுத்துகளோடு அலமாரிக்குப் போய்விட்டன. இரண்டு சிவப்பு உடல்கள், பெயர் இல்லாமல், பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தொங்கின.

மறுநாள் காலையில் சித்தி போனில் பிடித்துக்கொண்டார். மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, ஊர் கிடாரெல்லாம் சரியாகிறது, வீட்டு மோட்டார் மட்டும் சரியாகாதா என்று அர்ச்சனை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சித்தப்பா ஒரு உடலை எடுத்தார். சூட்டுக்காற்று அடிக்கிற ஹீட் கன்னைப் பிடித்தார். பூச்சு கொப்பளித்தது. சுரண்டியால் இழுத்தார். சிவப்பு சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. சித்தி போனை வைத்தபோது வேலையும் முடிந்திருந்தது.

இன்னொரு உடலைக் கொக்கியிலிருந்து எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். ஓட்டலில் வாசிக்கிறவர் எடுக்கச் சொன்ன ஸ்டிக்கர். அப்படியானால் சித்தப்பா சுரண்டித் தள்ளியது தம்பியின் கிடாரை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே நர்ஸ் அக்காவுக்குப் போன் செய்து, 'தப்பு நடந்துபோச்சும்மா' என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அழுதிருப்பார். அதோடு போயிருக்கும். போனைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் தன்னை ஒரு சொல் சொன்னதில்லை என்கிற நினைப்பு வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு செய்தது எல்லாம் களவு. பழுதுக்கு வாங்கும்போது எடுத்த ஒரு புகைப்படம் இருந்தது, கொஞ்சம் கோணலாக. அதைப் பார்த்து அதே சிவப்பைக் கலந்தார். அடித்தார். காய்ந்ததும் வீட்டு ஃப்ரீஸரைக் காலி செய்து உடலை உள்ளே வைத்து, எடுத்து, சூடு காட்டினார். பழையது போலவே பூச்சு மெல்லிய கோடுகளாக வெடித்தது. "ஒரு மரக்கட்டை குளிர் காயறதுக்கு என் காய்கறியெல்லாம் வெளிய வாடணுமா?" என்று சித்தி கேட்டார். கடைசியாக உப்புத்தாளை எடுத்து, மேல் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு, செத்துப்போன ஒருவனின் பதினொரு வருடத்தை ஒரு பிற்பகலில் தேய்த்து முடித்தார். குழிக்குள் எதுவும் எழுதவில்லை.

வெட்கக்கேடு என்னவென்றால், முடித்ததும் அவர் அதைத் தூரத்தில் வைத்து ரசித்தார். தன் வாழ்நாளில் செய்த ஆகச்சிறந்த வேலை அதுதான் என்று தோன்றியது.

மறுநாள் கடையைத் திறந்தார். ஒரு வாசனை... தின்னர் வாசனை இல்லை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும், வியர்வையில் நனைந்து காய்ந்த சட்டையும். கிடார் உடல் மேஜைமேல் வைத்தபடியே இருந்தது. ஆனால் அவர் தேய்த்த இடத்துக்கு மேலே, இரண்டு விரல் தள்ளி, இன்னொரு தேய்மானம். கொஞ்சம் சாய்ந்து, உள்பக்கம் அகலமாக, வெளிப்பக்கம் ஒடுங்கி. மேஜைமேல் சிவப்புப் பொடி, மாவு மாதிரி.

புகைப்படம் கோணல் என்று சொன்னேன் அல்லவா... இவர் தேய்த்தது தப்பான இடம். வந்திருந்தது சரியான இடம்.

சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? அதன்மேல் சிவப்பை அடித்தார்.

மறுநாளும் வந்தது. மறுபடி அடித்தார். மூன்றாம் நாள் ராத்திரி கடையிலேயே உட்கார்ந்தார். தான் தேய்த்ததை மூடிவிட்டு, தானாக வந்த தேய்மானத்தை விட்டுவைத்தால் அந்த அக்காவுக்குத் தம்பியின் கை திரும்பக் கிடைத்துவிடும் என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அப்படி விட்டால், நடந்ததை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தத் துணிச்சல் அவரிடம் இல்லை.

பன்னிரண்டு தாண்டியது. தந்தி இல்லாத, கழுத்து இல்லாத வெறும் உடல் மேஜைமேல் கிடந்தது. முதலில் வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம்... சர்... சர்... சர். முழுக்கைச் சட்டை மரத்தில் உரசுகிற சத்தம். தாளம் தப்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வெளிறியது, மெலிந்தது, மரம் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

சித்தப்பா எழுந்தார். "மன்னிச்சுக்கப்பா" என்றார். சொல்லிக்கொண்டே ஸ்பிரே கன்னை அழுத்தினார். சத்தம் தடுமாறியது... நின்றது. மூன்றாவது முறையாகவும் அழித்துவிட்டார்.

அதன் பிறகு அது வரவில்லை. நர்ஸ் அக்கா வந்து கிடாரை வாங்கிக்கொண்டு போனார். "எதையும் தொடலையே சார்?" என்று கேட்டார். "ஸ்விட்சும் கழுத்தும் மட்டும்தாம்மா" என்றார் சித்தப்பா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு ராத்திரி சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, யாரோ பின்னாலிருந்து அவருடைய வலது தோளில் முழங்கையை ஊன்றினார்கள். திரும்பினார். சித்தி அடுப்படியில் இருந்தார். பாரம் மட்டும் தோளில் இருந்தது. பிறகு, காதுக்குப் பக்கத்தில்... சர்... சர்... சர்.

தினமும் வந்தது. முதல் வாரம் சட்டையின் தோள் நூல் நூலாகப் பிரிந்தது. சித்தி வேறு சட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் வாரம் அதுவும் போயிற்று. மூன்றாம் வாரம் தோல் வழவழவென்று சிவந்துவிட்டது. வலி இல்லையாம். வலித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியதாம்.

அதனால்தான் அந்த ஒன்றேகால் மணிச் சாலை. நர்ஸ் அக்கா மாலை முறை வேலை முடிந்து ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். வந்து ஒரு மணி நேரம் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார், அதற்கப்புறம்தான் தூக்கம் என்று முன்பே சொல்லியிருந்தார். சித்தப்பா எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிளம்பிவிட்டார். வழியெல்லாம் தோளில் பாரம். வழியெல்லாம் அந்தச் சத்தம். 'சொல்லிடறேன்ப்பா... இன்னிக்குச் சொல்லிடறேன்' என்று அதனிடம் பேசிக்கொண்டே ஓட்டினாராம்.

கதவு திறந்தது. யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. கிடார் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தது.

"என்ன சார் இந்த நேரத்துல? உள்ள வாங்க" என்றார் நர்ஸ் அக்கா. "நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு நினைச்சேன். நன்றி சொல்லணும்."

"எதுக்கும்மா?"

"சொன்னா சிரிப்பீங்க. தம்பி போனப்புறம், அந்த இடத்துல கையை வச்சா சூடா இருக்கும். நிஜமாவே... ஆள் கை மேல கை வச்ச மாதிரி. எனக்கு ஆறுதலாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் போக முடியாம கெடக்கறானேன்னு அழுவேன். நீங்க சரிபண்ணிக் குடுத்ததுலேர்ந்து அது இல்ல. சில்லுன்னு இருக்கு. போயிட்டான் சார். நிம்மதியாப் போயிட்டான். அந்த ஸ்விட்சு கொரகொரப்புதான் அவனைப் பிடிச்சு வச்சிருந்துச்சோ என்னவோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்த முகம். சித்தப்பாவின் தோளில் சர்... சர்... ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. இதைச் சொன்னால் இந்த முகம் என்னவாகும் என்று ஒரு நினைப்பு... சொல்லாமல் தப்பிக்க இதையும் ஒரு சாக்காகப் பிடித்துக்கொள்கிறோமே என்று இன்னொரு நினைப்பு.

"நல்லதும்மா" என்றார். "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்." எழுந்துவிட்டார்.

வாசல் வரை வந்த நர்ஸ் அக்கா விளக்கு வெளிச்சத்தில் நின்றார்.

"சார், தோள்ல என்ன? சட்டை அந்த இடத்துல மட்டும் நைஞ்சு போயிருக்கு. புண்ணா? நில்லுங்க, பாக்கறேன்."

"ஒண்ணும் இல்லம்மா..."

நாள் முழுக்கப் புண்ணைப் பார்க்கிறவர், கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உள்ளங்கையைத் தோளில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து மெதுவாகப் போனது. கை நகர்ந்து, முழங்கை வரைக்கும் தோளில் சாய்ந்து, கிடார்மேல் ஊன்றுவது போலவே ஊன்றிக்கொண்டது. சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இங்கயாடா இருக்கே?" என்றார் நர்ஸ் அக்கா.

காதோரத்தில் அந்தச் சத்தம் நின்றது.