பாதிப் படி

ஏன் காலி பண்றேன்னுதானே கேக்குற? சொல்றேம்மா, இரு. வீடு பாக்க வந்தவ மொதல்ல மாடிப்படியைப் பாரு. ஸ்டுட்கார்ட்டுல வீட்டைவிட மாடிப்படிதான் முக்கியம். கதவுல தொங்குதே அட்டை, அது எந்தக் கதவுல தொங்குதோ அந்த வீட்டுக்காரங்க அந்த வாரம் படியெல்லாம் பெருக்கித் துடைக்கணும். முடிச்சதும் எதிர்வீட்டுக் கதவுல மாட்டிரணும்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வாரம் நான் பெருக்கல. அப்ப டிராம் ஓட்டிக்கிட்டு இருந்தேன், காலு வீங்கிக் கெடந்துச்சு. அட்டையை மட்டும் கமுக்கமா எதிர்வீட்டுல மாட்டிட்டேன். மறுநாள் என் கதவுல ஒரு சீட்டு. இப்படி எல்லாரும் செஞ்சா இந்தப் படி என்னாகும், யோசிங்கன்னு. எதிர்வீட்டு ஓட்மார் ஒட்டினது. பள்ளிக்கூடத்துல தத்துவ வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்.

சண்டையா? சேச்சே, நேரா நூலகத்துக்குப் போனேன். அங்க இருந்த பொண்ணு சீட்டைப் பாத்துட்டுச் சிரிக்குது. இது இருநூறு வருஷத்துக்கு முந்தின தத்துவக் கிழவரோட கேள்வி, எதைச் செய்யுறதுக்கு முன்னாடியும் எல்லாரும் அதையே செஞ்சா சரிவருமான்னு பாக்கச் சொன்னாருங்குது. அவருக்குப் பதில் சொன்ன ஆளு யாராச்சும் உண்டான்னேன். இருக்காரே, நம்ம ஸ்டுட்கார்ட்டுலயே பொறந்தவருன்னு தலகாணி மாதிரி ஒரு புத்தகத்தைக் குடுத்துச்சு. ஒரு பக்கம் படிக்க ஒரு வாரம். ஆனா ஒண்ணு புடிபட்டுச்சு. எந்த நியாயமும் தனியா முழுசில்ல, எதிர் நியாயம் வந்து மோதணும், அப்பத்தான் ரெண்டையும் உள்ள வச்சுக்கிட்டு மூணாவதா ஒண்ணு பொறக்கும். அதை எழுதி ஓட்மார் கதவுல ஒட்டிட்டேன்.

பத்து நாள் போச்சு. அப்புறம் என்னோட வாரத்துல பாக்குறேன், மனுஷன் வெளக்குமாத்தோட நிக்கிறாரு. சரியா பாதிப் படி பெருக்கியிருக்காரு. மீதி உங்க எதிர் நியாயத்துக்குன்னாரு.

அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு இன்னும் முடியல. மனுஷனோட மானத்தை யாரும் தொடக்கூடாதுன்னு நம்ம அரசியல் சட்டத்து மொத வரி இருக்கே, அதுல அந்தக் கிழவர் வாசனை அடிக்குதும்பாரு. டிப்போவுல நான் புடிச்ச சங்கக் கொடி மட்டும் எங்கருந்து வந்துச்சாம், நம்ம ஊர்க்காரரைத் தலகீழாப் பொரட்டிப் போட்ட தாடிக்காரர்கிட்டருந்துதானேம்பேன் நான். செத்து எத்தனை காலமாச்சு, இன்னும் மாடிப்படி வரைக்கும் வந்து மூட்டி விடுறாங்க பாரு.

ஆமாமா, காலி பண்ற கதை. தூரமா எங்கயும் போகல, எதிர்வீட்டுக்குத்தான். வெள்ளிக்கிழமை கல்யாணப் பதிவு. நீ ஏன் சிரிக்கிற? எனக்கே ஒரு மாசமா சிரிப்பு அடங்கல, வயசுப் பொண்ணு மாதிரி.

அவருதான் கேட்டாரு, நடுப்படியில, துடைப்பத்தைப் புடிச்சுக்கிட்டே. எழுபது வயசுல எல்லாரும் இப்படிக் கெளம்பினா உலகம் என்னாகும், யோசிச்சீங்களான்னேன்.

யோசிச்சேன் ரோஸ்விதா, நல்லாத்தான் இருக்கும்னாரு.