ஏழாம் பக்கம்

— எல்லாம் முத்து முத்தா கீது கிறிஸ்டினா. இந்த ஏழாம் பக்கத்த மட்டும் எடுத்துடு.

— அய்யோ மாமா, என் புரோகிராமுக்கு எழுதின கையேட்டுல எழுத்துப் பிழை பாத்துக் குடுங்கன்னு தானே கேட்டேன்?

— அதையும் பாத்துட்டேன். நாலு எடத்துல க், ச்னு ஒத்து உட்டிருந்த, பென்சில்ல போட்டுட்டேன். ஆனா ‘தெரிந்த குறைகள்’னு தலைப்பு போட்டு ஒரு பக்கம் எழுதி வெச்சிகிற பாரு, அது இன்னாத்துக்கு? பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட, ‘எங்க பொண்ணு குறட்டை உடும்’னு எவனாவது சொல்லுவானா?

— எங்கம்மா சொன்னாங்களே! உங்க பையன் தான், ‘பரவால்ல அத்தை, எனக்கு நைட் ஷிப்டு’ன்னாரு.

— சிரிக்காத. நான் படிச்சத சொல்றேன், சரியா பாரு. செல்போன் கேமுக்கு குட்டிக் குட்டிக் கட்டமா படம் வரைவாங்க. புல்லு ஒரு கட்டம், செவுரு ஒரு கட்டம். உன் புரோகிராமு அந்தப் படத்தப் படிச்சி, எந்தக் கட்டம் எங்கெங்க வருதுன்னு பட்டியல் எடுத்துக் குடுக்கும்.

— அவ்ளோதான் மாமா! கம்பெனிக்காரங்களுக்கே இத மூணு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. படம் வரையறவங்களுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்லயே எழுதிக் குடுங்கன்னாங்க.

— முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டி பாக்டரியில மிஷினு ரிப்பேர் ரிஜிஸ்டர் எழுதினவன்மா இந்த ஆசீர்வாதம். ஷோகேஸ்ல கேடயம் கீது பாரு. ‘ஓராண்டு குறையே இல்லாத பிரிவு.’ அந்த ஊட்டு மருமவ, தன் குறைய தானே டைப் அடிச்சி அம்பத்தூர் கம்பெனிக்கு அனுப்பறதா? இதப் பாத்துட்டு வேலை இல்லன்னுட்டா?

— அந்த பயம் எனக்கும் இருக்கு மாமா. இது புடிச்சிருந்தா ஊட்லேர்ந்தே வேலை செய்யலாம்னு சொல்லிருக்காங்க. கல்யாணத்துக்கப்புறம் எனக்கு வர்ற மொத வேலை.

— அப்போ குறைய சரி பண்ணிட்டு அனுப்பு.

— ரெண்டு வாரம் ஆகும். நாளைக்குக் காலையில குடுக்கணும்.

— அப்போ வாய மூடிக்கினு குடு. எவன் கண்டுபுடிக்கப் போறான்?

— யாராலயும் முடியாது. அதான் பேஜாரு. ஒரு கட்டம் பதினாறு புள்ளி அகலம். படத்தோட அகலம் பதினாறு பதினாறா சரியா பிரியலைன்னா, என் புரோகிராம் கடைசி வரிசைய உட்டுட்டுப் போயிடும். தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. பட்டியல் பாக்க சுத்தமா இருக்கும்.

— இருந்துட்டுப் போவட்டும்.

— ஆட்டத்துல ஓரத்துச் செவுரு இருக்காதே மாமா. பொம்மை நடந்துக்கினே போயி தொபுக்குன்னு கீழ வுழும். அப்போ யாரத் திட்டுவாங்க, சொல்லுங்க?

— உன்னத்தான்.

— இல்ல. படம் வரைஞ்சவர. ‘கவனமா வரையலை’ம்பாங்க. பாவம், அவரும் தன் மேலதான் தப்புன்னு நம்பிடுவாரு.

— இன்னா சொன்ன?

— தன் மேலதான் தப்புன்னு… மாமா? டீ ஆறுது. நான் எதுனா தப்பா பேசிட்டேனா?

— இல்ல கண்ணு. அந்த கேடயத்த எடு. வருஷம் போட்டிருக்கும், படி.

— எண்பத்தெட்டு. உங்க கூட வேலை செஞ்ச சின்னதுரை மாமாவுக்கு மிஷின்ல ரெண்டு வெரலு துண்டான வருஷமில்ல? அத்தை சொல்லிருக்காங்க. அதுலேர்ந்து ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு இங்கதான் சோறு, நீங்களே பரிமாறுவீங்க, அந்த மனசு யாருக்கும் வராதுன்னு.

— அந்த தகடு வெட்டற பிரஸ் மிஷினு, பெடல ஒரு மிதி மிதிச்சா சில நேரம் ரெண்டு தபா எறங்கும்.

— அவருக்குத் தெரியாதா?

— வேற செக்‌ஷன்லேர்ந்து வந்து ரெண்டு நாளுதான் ஆச்சி. ரிஜிஸ்டர்ல இருந்திருந்தா அந்த மிஷினத் தொட்டிருக்க மாட்டான்.

— உங்க ரிஜிஸ்டர்லயா? ஏன் இல்ல?

— கேடயத்துக்கு இன்னும் ஒரே மாசம் தான் பாக்கி.

— மாமா…

— விசாரணையில ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ன்னு எழுதினாங்க. இன்னி வரைக்கும், ‘என் அசால்ட்டுதான்ணே’ன்னு சிரிச்சிக்கினே துன்னுட்டுப் போறான்.

— அழாதீங்க மாமா. இந்தாங்க, தொடைச்சிக்கங்க.

— யாரு அழுதா? ஏழாம் பக்கத்த மொதப் பக்கமா வை. இன்னொரு தபா ஒத்து பாத்துக் குடுக்கறேன்.

— வேலை குடுக்கலைன்னா?

— குடுக்காட்டிப் போறான். தலை நிமிந்து உக்காந்து வேற எழுதலாம்.

— அண்ணே! ஆசீர்வாதம்ணே! கறி வாசன லெவல் கிராசிங் வரைக்கும் வருதே, இன்னிக்கி மருமவப் பொண்ணு சமையலா?

— சின்னதுரை மாமா வந்துட்டாரு. குடுங்க, கேடயத்த உள்ள வெச்சிடறேன்.

— வேணாம், என் கையிலயே இருக்கட்டும். வாடா சின்னதுரை, உக்காரு. சோத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க. அன்னிக்கி தப்பு உன்னுது இல்லடா.