மாப்பிள்ளைக்கு நுழையாத கோட்டு

அக்கா: மூச்ச இழுத்துப் பிடிச்சா நுழையுமாடா?

தம்பி: யாரோட மூச்ச?

அக்கா: மாப்பிள்ளையோடதுதான்.

தம்பி: அக்கா, அவர் ரெண்டு பேர் உக்கார்ற சோபாவுல தனியா உக்கார்றவர். இந்தக் கோட்டுல அவரோட ஒரு கைதான் நுழையும்.

அக்கா: நாளன்னிக்குக் கல்யாணம்டா! மத்தியானம் போட்டுப் பாக்க வர்றார். நான் என்னன்னு சொல்ல?

தம்பி: எந்த அளவுல வெட்டுனீங்க?

அக்கா: நம்ம தையல் கடைக்குன்னு நீ எழுதிக் குடுத்த ப்ரோக்ராம்லதான். மாஸ்டர் 'மாப்பிள்ளை'ன்னு அடிச்சார். மார்பு முப்பத்தி நாலுன்னு காட்டுச்சு. வெட்டித் தச்சுட்டார்.

தம்பி: மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் வரலியா?

அக்கா: அவர் எங்க ஆளப் பாத்தார்? அளவெடுத்தது நான். கை எட்டாம டேப்போட ரெண்டு தடவ சுத்தி வந்தேன்.

தம்பி: அப்ப முப்பத்தி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?

அக்கா: அத நீதான் சொல்லணும். பைத்தான்ல எழுதினேன், பக்காவா இருக்கும்னு பீத்திக்கிட்ட...

தம்பி: ப்ரோக்ராம்ல தப்பே இல்ல. 'மாப்பிள்ளை'ங்கற கீயில, அதான் நீ போடற அடையாளத்துல, யாரோ வேற அளவ ஏத்தியிருக்காங்க.

அக்கா: ஏத்தினா என்ன? பழசு பக்கத்துல இருக்கணும்ல?

தம்பி: அது லிஸ்ட்டு. அப்பென்ட் பண்ணா கடைசியில போய் ஒட்டிக்கும், முன்னாடி இருக்கறது அப்படியே இருக்கும். இது டிக்ஷனரி. ஒரு கீக்கு ஒரு வேல்யூதான், ஒரு ஆளோட அளவுதான். இல்லாத கீயக் குடுத்தா புதுசா சேத்துக்கும். இருக்கற கீயக் குடுத்தா பழசத் தூக்கிட்டுப் புதுச வச்சுரும்.

அக்கா: கேக்காமலா?

தம்பி: கேக்காம.

அக்கா: ஒரு வார்த்த... 'ஏம்மா, இங்க ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரே'ன்னு?

தம்பி: சொல்லாது.

அக்கா: கக்கூஸ் கதவக்கூட ஒரு தட்டு தட்டிட்டுத்தானேடா திறக்கறோம்!

தம்பி: அதுக்குத்தான் முழுப் பேர் போடுன்னேன். நீதான் 'வழுக்கை', 'வாயாடி', 'மாப்பிள்ளை'ன்னு அடையாளம் போடற.

அக்கா: வாயாடி யாருன்னு உனக்கு உடனே தெரிஞ்சுதா இல்லியா?

தம்பி: ...தெரிஞ்சுது.

அக்கா: பின்ன!

தம்பி: சரி, மூக்கச் சிந்தாத. போன வாரம் அளவெல்லாம் காப்பி எடுத்து வச்சது எங்கிட்ட இருக்கு. இதோ... மார்பு நாப்பத்தாறு, இடுப்பு நாப்பத்தெட்டு.

அக்கா: அவர்தான்! அவரேதான்! மாஸ்டர், கத்திரிய எடுங்க! அவர் உடம்புக்குப் பயந்து துணி ரெண்டு மடங்கு வாங்கினேன், பொழச்சோம். சாயந்தரமா வரச் சொல்லிர்றியா?

தம்பி: இரு... போன்ல சொல்லிட்டேன். 'ரொம்ப நல்லது, இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன்'ங்கறார்.

அக்கா: மாஸ்டர், இடுப்புல ஒரு இஞ்சு கூட விடுங்க!

தம்பி: இந்தக் குட்டிக் கோட்ட என்ன பண்றது?

அக்கா: நீ வேணா போட்டுப் பாரேன்.

தம்பி: நான் எதுக்கு...

அக்கா: சும்மா போடுடா.

தம்பி: ...அக்கா.

அக்கா: ம்.

தம்பி: கச்சிதமா இருக்கு.

அக்கா: அப்படியா!

தம்பி: வலது தோள் கொஞ்சம் எறக்கம். எனக்கும் வலது தோள் எறக்கம்.

அக்கா: உலகத்துல எத்தனையோ பேருக்கு...

தம்பி: அக்கா. இத ஏத்தினது யாரு?

அக்கா: ...நான்தான். நீ வாயப் பொளந்து தூங்கறப்ப டேப்பு வச்சு அளந்தேன். அவர் ஒரு மாப்பிள்ளை, நீ ஒரு மாப்பிள்ளை, ரெண்டும் இருக்கும்னு நெனச்சு அதே அடையாளத்துல அடிச்சுட்டேன். நீ அவரத் தூக்கிட்டு உக்காருவேன்னு கண்டேனா?

தம்பி: நான் எப்படி மாப்பிள்ளை? எனக்கென்ன கல்யாணமா?

அக்கா: இல்லியா?

தம்பி: ...இல்லியே.

அக்கா: எதிர் மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க தினம் ஓடறியே, தலைவலி நின்னுச்சா?

தம்பி: அது... வெயில்ல... யாரு என்ன சொன்னாங்க உங்கிட்ட?

அக்கா: அந்த மருந்துக்கடைப் பொண்ணேதான்டா. யாரோ ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போட டிரஸ்ஸுக்கு அளவு குடுக்க வந்துட்டு, 'எங்க விஷயத்த அவர் உங்ககிட்ட சொல்லவே பயப்படறார்'னு தேம்பித் தேம்பி அழுதா. கண்ணத் தொடச்சு விட்டு, அளவெடுத்து, 'தம்பி பொண்டாட்டி'ன்னு புதுசா ஒரு கீ சேத்துட்டேன்.