டயரின் உள்பக்கம்

உங்கள் ஜீப்பின் இடது முன்சக்கரம் லேசாக ஆடுகிறது. வாசலில் அதைத் தாண்டி வரும்போது காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன். போலீஸ் வண்டியை உதைக்கிறான் என்று பாராக்காரர் முறைத்தார். சக்கரம் திரும்புகிற கிங்பின் அச்சில் புஷ் தேய்ந்திருக்கும். அரை நாள் வேலைதான், தள்ளிப் போடாதீர்கள்.

உட்காரச் சொல்கிறீர்கள். வேண்டாம் ஐயா, நின்றுகொண்டே சொல்கிறேன். உட்கார்ந்தால் எனக்குக் கைகால் சும்மா இருப்பதில்லை. அந்தச் சுவரில் மாட்டிய படம் வலது பக்கம் இறங்கித் தொங்குகிறதே, அதை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திவிடுகிறேன். இப்போது சரி. கோணலாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியாது.

என் பெயர் தண்டாயுதபாணி. அவிநாசி ரோட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரம் அங்கே வந்துதான் ஆத்தப்பன் முதலாளியின் பியட் காரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனீர்கள். காங்கயம் ரோட்டில் முன் டயர் வெடித்து, கார் பனைமரத்தில் மோதி, பின்சீட்டில் இருந்த அவருடைய அக்கா பெரியாத்தாள் இறந்துபோனார். விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அப்படி முடித்தது சரியில்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எழுதுகிறவர் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

முதலில் ஆத்தப்பன் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பனியன் கம்பெனியில் நான் மிஷின் பிட்டராக இருந்தவன். பின்னல் மிஷின் மட்டம் ஒரு நூலிழை தப்பினாலும் துணியில் ஓட்டை விழும். அங்கேதான் என் கண் பழகியது. பிறகு கோயமுத்தூர் போய்க் கார் வேலை கற்றுக்கொண்டு திரும்பி வந்தேன். பட்டறைக்குத் திருமுருகன்பூண்டியிலிருந்து பலகைக்கல் கொண்டுவந்து, ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துத் தளம் போட்டேன். அங்கே சிலை செதுக்குகிறவர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய தூக்குக் குண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. இந்த ஊரில் கார் நிற்கிற தரையை மட்டம் பார்த்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, வழக்குக்கு வேண்டியது என்பதால் சொல்கிறேன்.

முதலாளி ஒன்றும் கெட்டவர் இல்லை. தொழிலில் கில்லாடி. பனியன் கட்டு வந்தால் மேலாகப் பார்க்கவே மாட்டார். ஒன்றை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையலை நகத்தால் இழுத்துப் பார்ப்பார். "வெளியில எவன் வேணும்னாலும் அழகாக் காட்டுவானப்பா. உள்ளே திருப்பிப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் மெட்ராஸ் போயிருந்தபோது சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கார்களின் முன்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வைத்தான் கேம்பர் என்கிறோம். தன் பியட்டும் அப்படி நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் அதற்கான புஷ், போல்ட், தகடு எல்லாம் கடைந்து வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கூடப் பம்பாய்ப் பக்கத்து ஏஜெண்டுகள் இரண்டு பேர். "மாட்டறதுக்குக் கோயமுத்தூர்ல ஆள் கிடைக்கலப்பா. நீ இதை மாட்டிக் குடுத்துரு, அது போதும். மத்ததெல்லாம் உனக்குத் தெரியாது. பனியன் மிஷின்ல ஊசி மாத்தீட்டு இருந்த ஆளு நீ" என்றார். ஏஜெண்டுகளுக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, அவர் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. காது மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது.

அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். இது முக்கியம், விடாமல் எழுதச் சொல்லுங்கள். முதலில் கார் மட்டமான தரையில் நிற்க வேண்டும். இரண்டு முன் டயரிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் எடைக்குச் சமமாக அவர் சீட்டில் பாரம் வைக்க வேண்டும். நான் நூல் மூட்டை வைத்தேன். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல் கையைக் கழற்றிப் புது புஷ்ஷை ஏற்ற வேண்டும். போல்ட்டைப் பாதி முறுக்கில் விட்டு, காரை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, பானெட்டை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அப்போதுதான் சக்கரம் தன் இடத்தில் உட்காரும். அதன் பிறகு பக்கத்தில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரை தகடு மாற்றி, முழு முறுக்குக் கொடுத்து, மறுபடியும் அளக்க வேண்டும். முறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், பாதிப் பேர் இதைப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். மயிரிழை பிசகவில்லை.

ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே இழுத்தால், முன்பக்கமும் கூடவே நேர் தப்பி விலகும். டை ராட் என்று ஒரு கம்பி இருக்கிறது. அதைத் திருகி இரண்டு சக்கரத்தையும் மறுபடி நேர் பார்க்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், செருப்பை இழுத்து இழுத்து நடக்கிறவனைப் போல டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே ஓடும். அதுவும் உள்விளிம்பு மட்டும். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும்.

ஸ்பேனர் என் கையில் இருந்தது. காருக்கடியில் படுத்திருந்தேன். "மாட்டிக் குடுத்துரு, அது போதும்" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்து வந்து ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. நான் எதையும் கெடுக்கவில்லை ஐயா, அவர் கேட்காத ஒன்றைச் செய்யாமல் விட்டேன்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து முதுகில் தட்டினார். "தொட்டாத் திரும்புதப்பா" என்றார். சக்கரம் அப்படி விலகி நின்றால் ஸ்டியரிங் சட்டென்று திரும்பும்தான். அவர் மெச்சியது நான் விட்ட குறையைத்தான்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோணலை நிமிர்த்தாமல் விட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அது ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பியட் ஹாரன் எங்கே கேட்டாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு வருவேன். அவர் மங்கலம் ரோட்டில் போகிற நாளில் திரும்பி வரும்வரை சோறு இறங்காது. முழுசாக வந்துவிட்டார் என்று தெரிந்தால் அப்பாடா என்று இருக்கும். உடனே இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றும் இருக்கும். இரண்டும் ஒரே மூச்சில் வரும். என் மனைவி பழனியம்மாள், "ஏனுங்க, எதுக்குங்க இப்பிடி ஊட்டுக்கும் ரோட்டுக்குமா அலையறீங்க? யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள். ஒரு கார் வர வேண்டும் என்றேன். பொய் இல்லை.

நியாயத்துக்கு நான் வழி வைத்திருந்தேன். சர்வீசுக்கு வந்தபோது நானே சொன்னேன்: "ஒருக்காக் குனிஞ்சு டயரைப் பாத்துருங்க முதலாளி." பனியனை உள்ளே திருப்பிப் பார்க்கிறவர் ஒரு தடவை முழங்காலை மடக்கினால் போதும். வழித்துவிட்ட மாதிரி இருக்கிற உள்விளிம்பு கண்ணில் பட்டுவிடும். அவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. "அதுக்குத்தான் நீ இருக்கறயேப்பா" என்றார். இதற்கு மேல் ஒருவனை எப்படிக் கேவலப்படுத்த முடியும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது அது வேறு மாதிரியும் கேட்கிறது. இருக்கட்டும்.

இடையில் ஒரு தடவை பஞ்சர் ஆனது. சக்கரத்தைக் கழற்றி நானே தோளில் வைத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். நானே நெம்புகம்பி போட்டு டயரைப் பிரித்து, ட்யூபை மட்டும் ஒட்டுவதற்குக் கொடுத்தேன். மற்றவர் கை பட்டால் ரிம் நெளிந்துவிடும் என்று சொன்னேன். டயர் மாற்றலாமா என்று முதலாளி கேட்டபோது, இன்னும் நிறைய ஓடும் என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று காலையில் வண்டி வந்தது. காங்கயத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். கழுவிக் காற்றுப் பிடித்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போடச் சொன்னார். வெளிப்பக்கம் பளபளவென்று போட்டேன். முதலாளி பக்கத்துக் கடையில் பூ வாங்கப் போயிருந்தார். பின்சீட்டில் இருந்த பெரியாத்தாள் மடியில் வைத்திருந்த தேங்காய் பழத் தட்டைச் சீட்டில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார். கால் மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது. செருப்பு கழன்று காருக்கடியில் போய்விட்டது. அதை எடுக்கக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"இங்க பாரு கண்ணு, டயருக்கு உள்பக்கம் நூலு நூலாப் பிரியுது" என்றார். பனியன் கம்பெனி வீட்டுப் பெண்பிள்ளை அல்லவா, நூல் பிரிந்தால் கண்ணில் படாமல் போகுமா. விரலால் தொட்டும் பார்த்தார். "இப்பிடித்தான் இருக்கோணுமா?"

இவர் எனக்கு எந்தக் கெடுதலும் செய்தவர் இல்லை. கம்பெனியில் இருந்த காலத்தில், வேர்க்க வேர்க்க வேலை செய்கிறவன் என்று எனக்கு மட்டும் மோரில் உப்புக் கூடப் போட்டு அனுப்புவார். அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே, "அப்பிடித்தானுங்க இருக்கும் அக்கா. புது மாடலுங்க" என்றேன். "உனக்குத் தெரியாததா கண்ணு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கதவை நான்தான் சாத்தினேன்.

குனிந்து பார்க்கிறவர் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதானே வழி வைத்தாய், பார்த்தவரை ஏன் அனுப்பினாய் என்று கேட்கிறீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. குனிய வேண்டியவர் அவர் இல்லை ஐயா, அவருடைய தம்பி.

மத்தியானம் செய்தி வந்தது. அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து வயிறார இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். பழனியம்மாள் அழுதுகொண்டே பரிமாறினாள்.

இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீங்கள் பட்டறைக்கு வந்த அன்றைக்கு, முதலாளி கையில் மாவுக்கட்டோடு கூடவே வந்தார். டை ராட் திருகாமல் இருப்பதைக் கண்டுபிடித்து நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குறுக்கே வந்தார். "அவனை உட்டுருங்க சார். வேணும்னு பண்ணுவானா? அதெல்லாம் அவனுக்குத் தெரியாதுங்க. அக்கா விதி, நான் யாரை நோவறது" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நீங்களும் என் தோளில் கை வைத்து, "தெரியாமச் செஞ்சது, விடுங்க" என்றீர்கள். சுற்றி நின்ற ஊர் முழுக்க அதைக் கேட்டது.

அன்றிலிருந்து என் தளத்தில் ஒரு கார் ஏறவில்லை. எல்லாம் கோயமுத்தூர் போகின்றன. டீக்கடையில் என்னைப் பார்த்தால் பேச்சைத் தாழ்த்துகிறார்கள். பாவம், தெரியாமல் பண்ணிவிட்டான் என்கிறார்கள். திட்டினால் தாங்கிக்கொள்வேன். இந்தப் பாவம் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். பெரியாத்தாளை நினைத்துத்தான் இப்படி ஆகிவிட்டேன் என்று பழனியம்மாள் நம்புகிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டயர் உள்ளே தேயும் என்று தெரிந்தே விட்டேன். நூல் வெளியே வந்ததைத் தெரிந்தே மறைத்தேன். பெரியாத்தாள் சாகலாம் என்று தெரிந்தே கதவைச் சாத்தினேன். கொலை என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தூக்கு என்றாலும் மறுப்பில்லை. அதற்கு முன்னால் ஆத்தப்பன் முதலாளியை இங்கே கூப்பிட்டு, அந்த ஏஜெண்டுகளும் ஊரில் இருந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டு, இதை ஒரு தடவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். தண்டாயுதபாணிக்கு டை ராட் திருகத் தெரியும்.